செங்குத்தா, நிலைக்குத்தா?

அன்புடையீர்,

நம் அறிவியல் சொற்பட்டியலுக்காக, ‘vertical motion’ என்பதற்கு ‘மேல்கீழ் இயக்கம்’ என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டது; அதுபற்றியே எழுதுகிறேன். எறிபொருளின் இயக்கத்தைக் கிடைத்திசை, மேல்கீழ்த் திசை என இரண்டாகப் பிரித்துக்கொண்டால், அது தரையில் விழ எடுக்கும் நேரத்தை இரண்டாவது திசைக்குரிய சமன்பாடே தந்துவிடுகிறது. அத்திசையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘செங்குத்து’ என்கின்றன. இரு கோடுகள் 90 பாகையில் சந்திப்பதற்கும் அதே சொல்தான். சமதரையில் எறியும்வரை தொல்லையில்லை.

சரிவில் நின்று எறியும்போதுதான் சொல் காலை வாருகிறது. 30 பாகைச் சரிவொன்றிலிருந்து, அச்சரிவுக்குச் செங்குத்தாக, நொடிக்கு 10 மீட்டர் திசைவேகத்தில் ஒரு பந்தை எறிவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றால், ‘செங்குத்து முடுக்கம் 10’ என்று எழுதிய மாணவர் 2 × திசைவேகம் / முடுக்கம் என்பதில் 2 × 10 / 10 எனப் போட்டு 2 நொடி என்பார். சரிவுக்குச் செங்குத்தான முடுக்கமோ 10 × கொசைன் 30, அதாவது 8.66; எனவே பந்து மீண்டும் சரிவைத் தொட 2.31 நொடி ஆகும். அவர் சமன்பாட்டை மறக்கவில்லை. திசைவேகத்தை ஒரு செங்குத்திலும் (சரிவுக்கு 90 பாகையில்) முடுக்கத்தை வேறொரு செங்குத்திலும் (புவியீர்ப்பின் திசையில்) எடுத்துவிட்டார்.

இங்கே முன்மொழியப்பட்ட ‘மேல்கீழ் இயக்கம்’ எனக்கு ஒப்பவில்லை. அது ஊஞ்சலையோ சுருள்வில்லையோ நினைவூட்டுகிறது. கூரையிலிருந்து நழுவி விழும் கல்லுக்கு மேல் ஏது? கொத்தனார்கள் புவியீர்ப்பின் திசை, 90 பாகை என்னும் இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை: சுவர் நேராக எழுந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்கள், மூலை சரியா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். ‘தூக்குத் திசை’ என்று வைக்கலாமா எனச் சற்று மயங்கினேன். ஆனால் ‘தூக்குத் திசைவேகம்’ என்றதும் பாரந்தூக்கி அல்லவா கண்முன் வருகிறது!

புதிதாக ஆக்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் புவியீர்ப்பின் திசைக்கு ‘நிலைக்குத்து’ என்றும், 90 பாகைக்குச் ‘செங்குத்து’ என்றும் வேறுபடுத்தியே எழுதுகின்றன. ‘நிலை’ ஏற்கெனவே நிலையாற்றலில் (potential energy) வேறு பொருளில் வருகிறதே என்ற மறுப்பு எழக்கூடும். கூட்டுச்சொல்லாக நிற்கும்போது அக்குழப்பம் நேராது. ஆகவே ‘நிலைக்குத்துக் கூறு’, ‘நிலைக்குத்து இயக்கச் சமன்பாடு’ ஆகியவற்றை நம் சொற்பட்டியலில் சேர்க்கலாம். ‘செங்குத்தான மலை’ என்னும் பேச்சுவழக்கை நாம் தொட வேண்டாம்.