ஜீப்போட டானா 30 முன் ஆக்ஸில்ல ஷாஃப்ட் மட்டும் மாத்தினா போதுமா?

பாறைப்பிரியன்: நம்மளது ஜீப் டிஜே, முன்னாடி டானா 30, டயர் 35 இன்ச், ரெண்டு வீலையும் ஒண்ணா சுத்த வைக்கிற லாக்கரும் போட்டாச்சு. போன வாரம் ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு வச்சுட்டு பாறையில ஏத்துறப்ப டப்புனு சத்தம், இறங்கிப் பாத்தா, ஷாஃப்ட்ட வளைஞ்சு சுத்த விடுற யூ-ஜாயின்ட்டோட கப் வெளிய தள்ளி ஷாஃப்ட்டோட காது பிளந்து கெடக்கு. குரோமோலி (கெட்டியான அலாய் ஸ்டீல்) ஷாஃப்ட் போடவா, இல்ல அதவிடப் பெரிய டானா 44 ஆக்ஸில முழுசா எறக்கிடவா?

சேத்துல சிக்கினவன்: ஷாஃப்ட்டே போடுங்க ப்ரோ. 4340 குரோமோலி, ரெண்டு பக்கமும், நல்ல யூ-ஜாயின்ட்டோட. கப்ப புடிக்க ஃபுல் சர்க்கிள் கிளிப் மறக்காதீங்க, உங்களுக்கு உடைஞ்சதே அந்த எடம்தான்.

பழைய ஸ்பேனர்: தம்பி, ஷாஃப்ட் கெட்டியானா அடுத்த அடி ஆக்ஸிலுக்குள்ள இருக்குற ரிங், பினியன் கியருக்குத்தான். டானா 30 ரிங் கியர் 7 இன்ச் சொச்சம், 44ல 8.5. இதுல 4.88 ரேஷியோ கியர் வேற போட்டா பினியன் இன்னும் சின்னதாயிடும். கியர் மாத்துற எண்ணம் இருந்தா அந்தக் காச 30ல கொட்டாத, நேரா 44 போ. கியர் ஏற்கனவே மாத்தியாச்சுன்னா ஷாஃப்ட் போதும், ஸ்டீயரிங் ஒடிச்சிருக்கப்ப மட்டும் ஆக்ஸிலரேட்டர மிதிக்காத. ஆமா, வீல் திரும்புற எடத்துல இருக்குற பால் ஜாயின்ட் ஆடுதான்னு பாத்தியா?

பாறைப்பிரியன்: கியர் இன்னும் கம்பெனில வந்த ஸ்டாக்தான் அண்ணே. ஜாக்கி போட்டு ஆட்டிப் பாத்தேன், கீழ் பால் ஜாயின்ட் லொடலொடங்குது. சரி, 44 தேட ஆரம்பிக்கிறேன்.