‘படகோட்டி’ வேண்டாம்: கயாக் விளையாட்டுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

யோசெஃபா இடெம் பற்றிய நம் கட்டுரையின் முதல் வரியில் ‘முன்னாள் படகோட்டி, இத்தாலிய அரசியல்வாதி’ என்று இருப்பதை மாற்றியே ஆக வேண்டும். படகோட்டி என்றால் ஆளேற்றி அக்கரை சேர்ப்பவர். இடெம் அந்தப் பிழைப்பிலிருந்து அமைச்சரானார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இடெம் 1984 முதல் 2012 வரை எட்டு ஒலிம்பிக்கில் கயாக் என்னும் ஒடுங்கிய பந்தயப் படகைச் செலுத்தியவர். மேற்கு ஜெர்மனிக்காகத் தொடங்கி, இத்தாலியப் பயிற்சியாளரை மணந்து, பின் இத்தாலிக்காகப் போட்டியிட்டார். சிட்னியில் 500 மீட்டர் ஒற்றையர் தங்கம். பெய்ஜிங்கில் 43 வயதில் 0.004 நொடியில் தங்கத்தைத் தவறவிட்டார். லண்டனில் 47 வயதில் ஐந்தாமிடம்! 2013இல் இத்தாலிய செனட்டுக்குத் தேர்வாகி, பிரதமர் லெட்டாவின் அமைச்சரவையில் விளையாட்டு, சம வாய்ப்பு, இளைஞர் துறைகளை ஏற்றார். வீட்டு வரிச் சிக்கலால் இரண்டே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. இவ்வளவையும் எழுதிவிட்டு, அவர் ஆடிய ஆட்டத்தின் பெயரில் கோட்டைவிடக் கூடாது.

‘துடுப்பாட்ட வீராங்கனை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஈழத்து வாசகருக்கு அது கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவர். அந்த வழக்கு அங்கே ஊன்றிவிட்டது. அதை நாம் கலைக்கக் கூடாது.

‘தண்டு வலித்தல்’ என்ற இன்னொரு பரிந்துரை நல்ல பழைய சொல்தான். ஆனால் அது ரோயிங் (rowing) என்ற வேறொரு படகு விளையாட்டுக்கே பொருந்தும். அங்கே தண்டு, அதாவது நீண்ட துடுப்பு, படகோடு பொருத்தப்பட்டிருக்கும். வலிப்பவர் எல்லைக்கோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். கயாக்கில் துடுப்பு படகோடு எங்கும் இணையாது. இரு முனையிலும் அலகு (தட்டையான பகுதி) உள்ள துடுப்பைக் கையில் ஏந்தி, முன்னோக்கி உட்கார்ந்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி நீரைத் தள்ள வேண்டும். இடெம் ஆடிய நேர்த்தடப் போட்டியில் சுக்கானைத் திருப்புவது கால். கனூ (canoe) வேறு வகைப் படகு: நேர்த்தடப் போட்டியில் ஒரு முழங்காலை ஊன்றி, ஓரலகுத் துடுப்பை ஒரே பக்கம் போடுவார்கள்; சுக்கான் கிடையாது, திசை திருப்புவதும் அதே துடுப்புதான். நம் செய்திகளில் இவை எல்லாமே ‘துடுப்புப் படகுப் போட்டி’ என்று ஒரே குவியலாகக் கிடக்கின்றன.

கனூவுக்குத் ‘தோணி’ என்ற யோசனையை ஏற்க மனம் வரவில்லை. தூத்துக்குடிக்காரரைக் கேளுங்கள், தோணி என்றால் சரக்கேற்றிக் கடல் தாண்டும் பெரிய மரக்கலம். கயாக், கனூ இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

சரி, என் முன்மொழிவு இதுதான். ரோயிங்குக்குத் தண்டுப்படகு. கயாக், கனூ இரண்டுக்கும் பொதுவாகத் துடுப்புப்படகு. அமைதியான நீரில் நேர்த்தடத்தில் 200, 500, 1000 மீட்டர் போவது துடுப்புப்படகு விரைவோட்டம். சீறும் நீரில் தொங்கும் கம்பங்களுக்கிடையே நுழைந்து போவது துடுப்புப்படகு நெளிவோட்டம். ‘நீரோட்டப் பந்தயம்’ என்று விரைவோட்டத்தைச் சொன்னால் பொருளே புரண்டுவிடும். ஓடாத நீரில்தான் அது நடக்கிறது.

அப்படியானால் முதல் வரி: ‘யோசெஃபா இடெம், இத்தாலியின் முன்னாள் கயாக் விரைவோட்ட வீராங்கனை, அரசியல்வாதி.’ கட்டுரையின் உள்ளே பொதுச்சொல் தேவைப்படும் இடத்தில் துடுப்புப்படகு என்று வரலாம். நெளிவோட்டத்துக்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், ஏற்றுக்கொள்கிறேன். படகோட்டி மட்டும் வேண்டாம்.