புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் வீக்கம், எந்த ஸ்கேனில் தெரிந்தது?

எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் மட்டும்தான் தெரிகிறது, ஆனால் அம்மாவின் முட்டி வீங்கிச் சூடாக இருக்கிறது, உள்ளே அழற்சி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பவர் டாப்ளருடன் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வசதி) அல்ட்ராசவுண்ட் எடுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. முழங்காலைச் சற்று மடக்கி, முட்டிச் சில்லுக்கு மேலே கருவியை வைத்ததும் திரையில் கருப்பாக நீர்க்கோப்பு. 4 மி.மீ. ஆழம் இருந்தாலே கணக்கில் எடுப்பார்களாம். அம்மாவுக்கு அதற்கும் மேல். மூட்டுச் சவ்வும் தடித்திருந்தது. டாப்ளரை ஓடவிட்டதும் அதில் சிவப்புப் புள்ளிகள், அதாவது கூடுதல் ரத்த ஓட்டம், அழற்சியின் அடையாளம். டாக்டர் கருவியை அழுத்தவே இல்லை. அழுத்தினால் நீர் ஒதுங்கிவிடும், சின்ன நாளங்களின் ஓட்டமும் திரையில் மறைந்துவிடும் என்றார். ஸ்கேனுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

எதிர்பாராதது, முழங்காலுக்குப் பின்னால் ஒரு பேக்கர் நீர்க்கட்டி. கெண்டைக்கால் இழுப்புக்கு அதுதான் காரணமாம்!

கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ (ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) சொன்னவர்கள் சொன்னதும் சரிதான். சவ்வு எது, நீர் எது என்று அதில் இன்னும் தெளிவாகப் பிரியும். எலும்பு மஜ்ஜையில் உள்ள மாற்றமும் தெரியும். ஆனால் அம்மாவுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கூடுதல் என்பதால், அதற்குப் போடும் காடோலினியம் ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

அப்புறம் ஊசியால் நீரை எடுத்துச் சோதித்ததில் கிருமியும் இல்லை, யூரிக் அமிலப் படிகமும் இல்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டபின் வீக்கம் வடிந்திருக்கிறது. தேய்மானம் அப்படியேதான்; தொடைத்தசைப் பயிற்சி தொடர்கிறது.