‘என்ஜாய் எஞ்சாமி’யை முதலில் எங்கே கேட்டீர்கள்?

ஷேர் ஆட்டோ பயணி

பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச் 7 அன்று வந்த பாட்டு. எந்தப் படத்திலும் இல்லாத ஒரு பாட்டு நம் ஊரில் கல்யாண வீடு வரை போவது அபூர்வம். நான் கேட்டது ஷேர் ஆட்டோவில். ராப் போகும்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்த ஓட்டுநர் அண்ணன், ஒப்பாரி வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டார். “காலங்காத்தால சாவு வீட்டு ராகம் வேணாம் தம்பி.” ஆடவைக்கிற பாட்டுக்குள் ஓர் அழுகை இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் சொல்லுங்கள்.

கூடலூர்க்காரி

எங்கள் வீடு டேன்டீ குடியிருப்பில். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். அம்மாயி இலங்கையின் பதுளையில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானதே, அதில் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் மறுபடியும் கொழுந்துக் கூடைதான்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் இலங்கைத் தேயிலையில் உழைத்துவிட்டு வந்தவர், காணொளியிலும் வருகிறார். என் மகன் போனில் போட்டுக் காட்டினான். அம்மாயி பாட்டைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எந்தத் தோட்டம்னு கேளு” என்றார். அவரிடம் கேட்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் ஒப்பவில்லை.

அப்புறம் அவரே ஆரம்பித்துவிட்டார். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, பிந்திப் போனால் மேற்பார்க்கிற கங்காணி அன்றைக்குப் பேர் போடமாட்டாராம். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் அம்மாயி வைத்த பலா காய்ப்பதற்குள் கப்பலுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். பாட்டிலும் தோட்டம் வைத்தவளுக்கு அதனால் பலன் இல்லாமல் போகிற இடம் ஒன்று வரும். நான் அம்மாயி மடியில் வளர்ந்தவள். பலாமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கல்லூரி பேண்ட்

ஆண்டு விழாவில் இதை எடுத்தோம். தீ பாடும் பகுதிக்கு ஆள் சுலபமாகக் கிடைத்தாள். மாட்டிக்கொண்டது அறிவின் பகுதியில். கடகடவென்று ராப் போகிற அதே வாய் ஒப்பாரியும் இழுக்கவேண்டும். எங்கள் பையனுக்கு முதலாவது தண்ணீர் பட்ட பாடு. இரண்டாவது வந்தால் ஏதோ விளம்பரப் பாட்டு மாதிரி இனிப்பாக இருந்தது. விடுதியில் சமைக்கிற அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார். “மூக்கால பாடாத. மூச்சு தீர்ற வரைக்கும் விடு, தீரும்போது குரல் உடையட்டும்” என்று ஒருமுறை இழுத்துக் காட்டினார். யாரும் பேசவில்லை. அவரையே மேடையேறக் கேட்டோம், மறுத்துவிட்டார்.

தொலைக்காட்சியில் பார்த்தவன்

நான் முழுதாகக் கேட்டதே 2022 ஜூலையில்தான், செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில். தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. அடுத்த சில நாட்களில் யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று பெரிய சர்ச்சை. அறிவு ஒன்று சொன்னார், சந்தோஷ் நாராயணனும் தீயும் வேறு சொன்னார்கள். மெட்டுக் கணக்கைத் தீர்க்க நான் யார்? ஆனால் யூடியூப் தலைப்பில் தீயின் பெயர் முன்னால் நிற்க, அறிவு ‘ஃபீட்.’ போட்டு இரண்டாவதாக வருகிறார். ஹிப்ஹாப்பில் அப்படிப் போட்டால் நடுவில் பதினாறு வரி ராப் பண்ணிவிட்டுப் போகிறவர் என்றுதான் அர்த்தம். தன் பாட்டியின் கதையைக் கொண்டுவந்தவரை அந்த இடத்தில் நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லூரி பேண்ட்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீயின் குரல் இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலேயே பாதிப் பேர் வேறு பாட்டுக்குப் போயிருப்பார்கள். கூடலூர் அக்கா, அம்மாயி சொல்வதைப் பதிவு செய்கிறீர்களா?

கூடலூர்க்காரி

மகன் செய்கிறான் தம்பி. பலாமரம் நின்றது தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்திலா கீழ்கணக்கு லயத்திலா என்று அம்மாயிக்கும் சின்ன அம்மாயிக்கும் சண்டை. அது முடிந்தால்தான் கப்பலேறுகிற கட்டத்துக்கே போகமுடியும்.