ஏட்டையாவுக்கு ஒரு கல்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பணியில் இறந்த நம் மேலத்தெரு ஏட்டையாவுக்கு ஊரில் ஒரு கல் வைப்பது பற்றி, அக்டோபர் 21 வருவதற்குள் எல்லோருமாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

என் மூத்தவன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே சிங்கப்பூரில் ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் அது கட்டாயம். பெரும்பாலும் ராணுவத்துக்கு எடுப்பார்கள், சிலரைப் போலீசுக்கு அனுப்புவார்கள். இவனுக்குப் போலீஸ். சுவா சூ காங்கில் பயிற்சி முடித்துவிட்டு, இப்போது லீவு கிடைத்தால் உடுப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா அந்தக் கருநீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர், கை, பை மூடி என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு நம் மேலத்தெரு ஏட்டையா வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, கரி இஸ்திரிப் பெட்டி, துணியில் சாம்பல் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதும் அவர் மனைவி, நம் அத்தை.

இளையவர்களுக்கு அவரைத் தெரியாது. நான் ஏழாவது படிக்கும்போது இறந்தார். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்தி, மாதா தேரைத் தள்ளிக்கொண்டு ராத்திரி முழுக்க மெயின் ரோட்டில் போவார்கள் அல்லவா, அந்தப் பந்தோபஸ்துக்கு அவரைப் போட்டிருந்தார்கள். கையில் ஒரு டார்ச், வாயில் விசில். ஒரு கூட்டத்தை ரோட்டோரம் ஒதுக்கிவிட்டுத் திரும்பியவர் மேல் லாரி ஏறிவிட்டது. நடந்து போனவர்களில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் நம் ஊர்ச் சுடுகாட்டில் துப்பாக்கிகளை வானத்துக்குத் தூக்கி மூன்று முறை சுட்டார்கள். மரத்தில் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. பையன்கள் நாங்கள் கீழே விழுந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்க ஓடினோம். எனக்கு ஒன்று கிடைத்தது, சூடாக இருந்தது. ஒரு போலீஸ்காரர் தோட்டாவையெல்லாம் எண்ணி எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார், ஒன்று குறைகிறது என்றார். அப்பா என் கையைப் பிடித்து விரலைப் பிரித்து அதை எடுத்துக் கொடுத்தார். ஏட்டையாவைப் பற்றி நம் ஊரில் மிச்சம் இருந்திருக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 21 ஏன் என்று கேட்பீர்கள். 1959-ல் அதே தேதியில் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், கிட்டத்தட்ட பதினாறாயிரம் அடி உயரத்தில், நம் போலீஸ்காரர்கள் பத்துப் பேர் சீனப் படையின் குண்டுக்கு இறந்தார்கள். முதல் நாள் ரோந்து போன இரண்டு காவலர்களும் ஒரு சுமைக்காரரும் திரும்பி வரவில்லை. கரம் சிங் என்ற அதிகாரி தலைமையில் அவர்களைத் தேடிப் போனவர்கள்தான் இவர்கள். அப்போது எல்லைக் காவலும் போலீஸ் வேலைதான். உடல்களைத் திருப்பிக் கொடுக்கவே நவம்பர் 13 ஆகிவிட்டது. அவர்கள் இறந்த அக்டோபர் 21-ஐத்தான் காவலர் வீரவணக்க நாள் என்று நாடு முழுக்க அனுசரிக்கிறார்கள். இன்றைக்கும் வருடா வருடம் பல மாநிலப் போலீசிலிருந்து ஆட்கள் அந்த மலைக்கு ஏறிப் போய் மரியாதை செய்துவிட்டு வருகிறார்கள்.

டெல்லி சாணக்கியபுரியில் 2018-ல் தேசியக் காவலர் நினைவிடம் திறந்தபோது, சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் இறந்தவர்கள் என்று சுவரில் 34,844 பெயர்கள் இருந்தன. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தியோடு ஒன்பது போலீஸ்காரர்களும் இறந்தார்கள். எஸ்.பி. முகமது இக்பால், இன்ஸ்பெக்டர் ராஜகுரு, பெண் காவலர் சந்திரா. எத்தனை பேர் இந்தப் பெயர்களைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்? வருடா வருடம் அந்த நாள் வருகிறது. இவர்கள் பெயர் வருவதில்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

சிங்கப்பூரிலும் இப்படி ஒருவர் உண்டு. லீ கிம் லாய். 1978 ஏப்ரல் 25, மவுண்ட் வெர்னன் ரோட்டில் காவல் நின்ற பதினெட்டு வயதுப் பையன், என் மகன் மாதிரியே தேசிய சேவையில் போலீசுக்கு வந்தவன். அவன் இடுப்பில் இருந்த ரிவால்வருக்காக மூன்று இளைஞர்கள் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். டாக்சி ஓட்டி வந்தவரையும் விடவில்லை. அந்த ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிடாடரி புது வீடுகள் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பையன் நினைப்பு வரும். மகன் உடுப்பு போட்ட பிறகு அந்த வழியாகப் போவதே கஷ்டமாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கே வருகிறேன். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) பூமிநாதன் ராத்திரி ரோந்தில் ஆடு திருடர்களைப் பார்த்துவிட்டு, மாவட்ட எல்லை தாண்டிப் புதுக்கோட்டைக்குள் கீரனூர்ப் பக்கம் வரை பைக்கில் விரட்டினார். பிடித்தும் விட்டார். உதவிக்கு ஆள் வருவதற்குள் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து வருடக்கணக்காக உழைத்தால்தான் எஸ்.எஸ்.ஐ. என்ற அந்த ஒரு படி கிடைக்கும். யாரோ ஒரு குடியானவன் ஆட்டுக்காக அவர் உயிர் போனது. ஆடு களவு போன வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பது நமக்குத் தெரியும். அதனால் "போயும் போயும் ஆட்டுக்காகவா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

களவுபோன மாட்டை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்ட ஜனம் நாம். கரந்தை என்று அதற்கு ஒரு திணையே வைத்தோம். செங்கம், தருமபுரிப் பக்கம் வயல் வரப்பிலெல்லாம் 'தொறு மீட்டுப் பட்டான்', அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான் என்று எழுதிய நடுகற்கள் நிற்கின்றன. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த கல்லில் தமிழ் பிராமி எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: கூடலூர் ஆகோள் பெடு தீயன் அந்தவன் கல். ஆகோள் என்றால் மாடு கவரும் பூசல். எந்த ஊர்ப் பூசல், யாருடைய கல். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகியும் அந்தவன் பெயர் இருக்கிறது. நம் ஏட்டையா பெயர் முப்பது வருடத்தில் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏட்டையாவுக்கு நம் ஊரில் ஒரு கல் வைக்க வேண்டும். ஃபிளக்ஸ் வேண்டாம், ஒரு மழைக்குத் தாங்காது. சிலையும் வேண்டாம். இடுப்பு உயரத்துக்குக் கருங்கல், அதில் பெயர், பதவி, தேதி, எப்படி இறந்தார் என்று ஒரு வரி. 'சாலையில் நடந்தோரைக் காத்துப் பட்டார்' என்று எழுதலாம் என்பது என் ஆசை. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் கல்லில் வரக்கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் நாங்கள் பதினோரு குடும்பம் தலைக்கு ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பேசிவிட்டோம். துபாய், குவைத் தம்பிகள் முடிந்ததைச் சொல்லுங்கள். மலேசியா மாமா, பஞ்சாயத்தில் இடம் கேட்க நீங்கள் பேசினால்தான் நடக்கும்.

அத்தையிடம் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது என்று நேற்று போன் போட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆயுசு பூரா வெயில்ல நின்ன மனுசன்யா. நெழலாப் பாத்து வைங்க" என்றார். பஸ் ஸ்டாப் புங்கமரத்தடி எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் ரோட்டை அகலப்படுத்தினால் அந்த மரம் நிற்குமா? ஊரில் இருப்பவர்கள் விசாரித்து இந்த வாரத்துக்குள் பதில் போடுங்கள். இனிஷியலை எப்படி எழுதுவது என்று அத்தையிடம் நானே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
கீழத்தெரு வாத்தியார் மகன்
யீஷூன், சிங்கப்பூர்