மறு: ‘கொழுப்புத் துளி’ வேண்டாம், ‘கொழுமியத்துளி’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

லிப்பிட் டிராப்லெட் (lipid droplet; செல்லுக்குள் லிப்பிட் என்னும் கொழுப்பு வகைப் பொருள்கள் திரண்டு நிற்கும் நுண்துளி) என்பதற்கு ஈப்போ நண்பர் முன்வைத்த ‘கொழுப்புத் துளி’யை ஏற்றுக்கொண்டு சொற்பட்டியலை முடித்துவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். மறுப்பு எழுத ஒரு வாரம் தயங்கினேன். சொல்லின் பின்பாதியோடு எனக்கு வழக்கில்லை, முன்பாதியோடுதான்: லிப்பிட்டுக்குக் ‘கொழுப்பு’ வேண்டாம், ‘கொழுமியம்’ என்போம்.

சென்ற மாதம் இங்கே சுங்கை சிப்புட்டில், கோவில் மண்டபத்தில், அல்சைமர் நோயைப் பற்றி முதியோர் குடும்பங்களிடம் பேசியபோது, “மூளைச் செல்களுக்குள் கொழுப்புச் சேர்கிறது” என்று ஒரு வரி சொன்னேன். பத்து நாள் கழித்து, அன்று வந்திருந்த பெண்ணொருவரைச் சந்தையில் பார்த்தேன். அவருடைய தாயார் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர், இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கே?” என்று (பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் கூட்டம்) வீடு முழுக்கத் தேடுகிறவர். என் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அந்த அம்மாவுக்கு முட்டை, நெய், தேங்காய்ப்பால் மூன்றையும் மகள் நிறுத்தியிருந்தார், ஏற்கெனவே மெலிந்த உடம்பு என்பதையும் பாராமல். போதாக்குறைக்கு, “வாத்தியார் எனக்குக் கொழுப்புன்னு சொல்லிட்டாராம்” என்று அந்த அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி அழுதாராம்.

பிழை என்னுடையது. தமிழ்க் காதுக்குக் கொழுப்பு என்பது ஒன்று தின்று சேர்த்தது, அல்லது திமிர். நாம் சொல்ல வருவது இந்த இரண்டும் இல்லை.

நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையின் எடையில் ஏறத்தாழப் பாதி லிப்பிட்தான். அது மிகையாகச் சேர்ந்த சரக்கு இல்லை. செல்லின் சவ்வும், நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையும் அதனால் ஆனவை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் கொலஸ்டிராலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை வைத்திருக்கிறது. அதையும் தானே ஆக்கிக்கொள்கிறது, ஏனெனில் இரத்தத்தில் ஓடும் கொலஸ்டிரால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து உள்ளே போவதில்லை. (நடுவயதில் இரத்தத்தில் எல்டிஎல் என்னும் ‘கெட்ட’ கொலஸ்டிரால் மிகுந்திருப்பதை, மறதி நோய்க்கான குறைக்கக்கூடிய ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக, லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சேர்த்திருப்பது உண்மைதான். எனவே இரத்தக் கொலஸ்டிரால் பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூளைச் செல்லுக்குள் தெரியும் துளி, தட்டிலிருந்த நெய் நேராகப் போய்த் தங்கியது இல்லை.)

> ‘கொழுமியம்’ பாடநூல் வாடை அடிக்கிறது ஐயா. தோட்டத்துச் சனங்களுக்குப் புரியுமா?

புரியாது, அதுவே அதன் நன்மை. அந்தப் பெண்ணிடம் மறுபடி பேசியபோது வேண்டுமென்றே ‘கொழுமியம்’ என்றேன். உடனே, “அப்படின்னா என்னாங்க சார்?” என்று கேட்டார். மண்டபத்தில் ‘கொழுப்பு’ என்றபோது அவர் எதுவும் கேட்கவில்லை. தெரிந்த சொல்தானே என்று வீட்டுக்குப் போய்ச் சட்டியை மாற்றிவிட்டார்.

வரலாற்றையும் சற்றுப் பாருங்கள். 1906 நவம்பரில் டூபிங்கனில் அலாய்ஸ் அல்சைமர் தம் நோயாளியின் மூளையைப் பற்றி உரையாற்றினார். 1907இல் அச்சான அவருடைய குறிப்பில், செல்களுக்கு வெளியிலுள்ள படிவுகளோடும் நரம்புச் செல்லுக்குள் இருக்கும் இழைச் சிக்கல்களோடும், நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்கள் பலவற்றில் கொழுமியம் நிறைந்த நுண்பைகள் தெரிவதும் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் இரண்டின் மேல் ஆய்வுகள் குவிந்தன. மூன்றாவது நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தது. மூளைக்குள் கொழுமியத்தைச் சுமந்து செல்லும் ஏபோ-ஈ புரதத்தின் 4ஆம் வகை இந்நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 1993இல் தெரியவந்த பிறகுதான் கொழுமியத்தின் பக்கம் பார்வை வலுவாகத் திரும்பியது. 2024இல் ஸ்டான்ஃபர்டு ஆய்வாளர்கள், பெற்றோர் இருவரிடமிருந்தும் 4ஆம் வகையைப் பெற்ற நோயாளிகளின் மூளையில் இத்துளிகள் தேங்கிய மைக்ரோகிளியா (மூளையின் காவல் செல்கள்) மிகுந்திருப்பதையும், அச்செல்கள் வெளிவிடும் பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் நரம்புச் செல்களைக் கெடுப்பதையும் காட்டினார்கள். படிவுக்கும் சிக்கலுக்கும் தமிழில் பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாவதுக்குத்தான் நாம் இப்போது பெயர் தேடுகிறோம்.

> துளி என்றால் நீர்த்துளி. இதற்கோ மேலே ஒரு தோல் இருக்கிறதே. குமிழ் என்றாலென்ன?

குமிழுக்குள் காற்றுதான் இருக்கும். துளிக்குத் தோல் ஆகாது என்பவர்களை எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு அழைக்கிறேன். மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) இறங்கும் பால் வெண்ணிறமாய் ஒரே நீர்மம்போலத் தெரிந்தாலும், அதனுள் மிதப்பவை கோடிக்கணக்கான ரப்பர்த் துகள்கள்; ஒவ்வொன்றையும் புரதமும் பாஸ்போலிப்பிட்டும் சேர்ந்த ஓர் ஒற்றைப் படலம் மூடியிருக்கிறது. அந்தத் தோலின் தயவில்தான் அவை ஒட்டாமல் மிதக்கின்றன; தொட்டியில் ஆசிட் ஊற்றியதும் ஒன்றோடொன்று சேர்ந்து உறைகின்றன. சிறுவயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய், அது உறைவதை நின்று பார்த்துக்கொண்டே பள்ளிக்கூட மணியைத் தவறவிட்டிருக்கிறேன். மூளைச் செல்லின் துளியும் இதே கட்டுமானம்தான்: உள்ளே டிரைகிளிசரைடும் கொலஸ்டிரால் எஸ்டரும், மேலே பாஸ்போலிப்பிட் ஒற்றைப் படலம், அதில் பதிந்த புரதங்கள். ஆகவே ‘துளி’ இருக்கட்டும்.

‘கொழுப்புக் கட்டி’ என்று ஒருவர் எழுதியதை உடனே விட்டுவிட வேண்டும். அது தோலுக்கடியில் வரும் லைப்போமாவுக்கு ஊரறிந்த பெயர். ‘கொழுந்துளி’ கேட்க இனிமைதான். ஆனால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கேமரன் மலைக்காரர்கள் அதைக் கொழுந்து, உளி என்று பிரித்துப் படிப்பார்கள். மூளையில் மிகுதியாக உள்ள ஒரு லிப்பிட் வகையான ஸ்பிங்கோலிப்பிட்டுக்கும் இப்போதே தமிழ் வேண்டும் என்ற கோரிக்கையைத் தள்ளிப்போடலாம். 1884இல் மூளையின் வேதியியலைப் பற்றி எழுதிய துடிக்கும் (Thudichum) என்ற வேதியியலாளர், அவ்வகையின் அடிப்படைக் கூறான ஸ்பிங்கோசினின் இயல்பு பிடிபடாமல்தான் புதிர் போடும் ஸ்பிங்க்ஸின் பெயரை அதற்கு வைத்தார். ‘புதிர்க்கொழுமியம்’ என்று எனக்கும் ஆசை உண்டு, ஆனால் அது தனி இழையில் பேச வேண்டியது.

இனி வினைச்சொல். ‘கொழுப்புப் படிதல்’ என்று சொற்பட்டியலின் வரைவில் இருக்கிறது. படிவு என்பதை அமிலாய்டு என்ற புரதத்துக்குக் கொடுத்துவிட்டோம். அது செல்லுக்கு வெளியே. இதயக் குழாயில் படிவதும் அதே சொல். துளிகளோ செல்லுக்குள் உண்டாகி, செலவாகாமல் நின்றுவிடுகின்றன. அதற்குத் ‘தேங்குதல்’ பொருந்தும். எனவே என் முன்மொழிவு: பெயர் ‘கொழுமியத்துளி’, ஒரே சொல்லாக, நிகழ்வு ‘கொழுமியத்துளித் தேக்கம்’, செல் ‘கொழுமியத்துளி தேங்கிய மைக்ரோகிளியா’. கடைசியது நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்கித் தாருங்கள், முன்பாதியை மட்டும் தொடாமல்.