பாத் மாற்ற எது லாபம்? தாய்லாந்து போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்

அடுத்த மாதம் அம்மா, தங்கை, நான் மூவரும் பாங்காக்கும் சியாங் மாயும் போகிறோம். எட்டு நாள். டிக்கெட், அறை எல்லாம் ஆயிற்று. ரூபாயைத் தாய்லாந்துப் பணமான பாத்தாக மாற்றுவதில்தான் குழப்பம்.

போன முறை பட்ட அடி இன்னும் மறக்கவில்லை. இறங்கியதும் பெட்டி வரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த கவுண்டரில் கையிலிருந்த மொத்த ரூபாயையும் நீட்டிவிட்டேன். மறுநாள் பாங்காக்கின் ராட்சடம்ரி பக்கம் சூப்பர்ரிச் என்ற பணமாற்றுக் கடையின் ரேட் பலகையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு போயிருந்தது. 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பியது என் தப்பு. அதை ரேட்டிலேயே பிடித்துவிடுகிறார்கள்.

இந்த முறை சென்னையில் 100 டாலர் நோட்டாக வாங்கிப் போகலாமா என்று யோசனை. சின்ன நோட்டுக்கு அங்கே ரேட் குறைவு. ஆனால் இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நஷ்டமல்லவா? ரூபாயாகவே என்றால் ஆளுக்கு 25,000 வரைதான் கொண்டுபோகலாம். ஏடிஎம்மிலோ ஒவ்வொரு முறையும் 220 பாத்துக்குக் குறையாமல் கட்டணம். (திரையில் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும், அது தெரியும்.)

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: ரூபாயா, டாலரா? பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய கவுண்டர்களில் நல்ல ரேட் கிடைக்கிறது என்கிறார்கள். நாங்கள் இறங்குவது இரவு 11 மணிக்கு, திறந்திருக்குமா? சியாங் மாயில் தா பே வாசல் பக்கம் நம்பிக்கையான கடை இருந்தால் அதையும் சொல்லுங்கள். அம்மாவை வெயிலில் கடை கடையாக அலையவிட முடியாது.